அந்தி ஒளிக்கு ஏற்ற சிறு பலகை

வெட்டவெளியில் அமர்ந்து, கண்முன் விரியும் நிலத்தையும் வானத்தையும் பார்த்தபடியே எண்ணெய் வண்ணத்தில் தீட்டும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் வலுப்பெற்றபோது, ஓவியர்களின் திறமையை மிகக் கடுமையாகச் சோதித்தது பொழுது சாயும் வேளையே ஆகும். 1780களில் ரோம் நகரைச் சுற்றிலும் இத்தகைய சிற்றோவியங்களைத் தீட்டிய பிரெஞ்சு ஓவியர் பியர்-ஆன்றி த வலான்சியன், 1800இல் வெளியிட்ட தம் நூலில், வெளிப்புற ஓவியம் எதற்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் செலவிடக் கூடாது என்றும், சூரியன் எழும்போதும் மறையும்போதும் அரை மணியே எல்லை என்றும் மாணவர்களுக்கு வரையறுத்தார். அந்தி ஓவியங்கள் அளவில் சிறியவையாக இருப்பதற்கு முதன்மையான காரணம் இந்த அரை மணிதான். ஓவியரின் அடக்கமோ எளிமையோ அன்று.

சூரியன் தாழும்போது அதன் ஒளி காற்றுமண்டலத்தை நீண்ட தொலைவு ஊடுருவி வர வேண்டியிருப்பதால், நீலக் கதிர்கள் வழியிலேயே சிதறிப்போக, மஞ்சளும் சிவப்பும் மிகுந்து நிலத்தை அடைகின்றன. சூரியன் மறைந்த பின்னரோ வானமே விளக்காகிவிடுவதால், கூரிய நிழல்கள் அழிந்து, மரங்களும் மேடுகளும் தம் உள்விவரங்களை இழந்து வெறும் உருவத் திரள்களாக நிற்கின்றன. நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால் இம்மாற்றம் விரைவில் முடிந்துவிடுகிறது. சென்னையைவிட இலண்டனில் அந்தி நீடிப்பதற்கு இதுவே காரணம்.

மாறுவது ஒளி மட்டுமன்று, பார்க்கும் கண்ணும்தான். விழித்திரையில் நிறங்களைப் பிரித்தறியும் கூம்பு செல்கள் மங்கலில் ஓய, சிவப்பை உணர இயலாத, ஆனால் நீலப்பச்சையை நன்கு உணரும் குச்சி செல்கள் பணியை ஏற்கின்றன. இதனால் இருள் கூடக்கூடச் சிவப்புப் பூக்கள் முதலில் கறுத்துவிட, இலைகள் ஒப்பளவில் வெளிறித் தெரிகின்றன. செக் நாட்டு உடலியலாளர் யான் புர்க்கின்யே 1825இல் விளக்கிய இந்நிகழ்வு அவர் பெயராலேயே வழங்குகிறது. ஓவியரின் வண்ணத்தட்டும் அதே மங்கலில்தான் இருக்கிறது என்பதால், சிவப்பு போதவில்லை என்று எண்ணி அவர் மேலும் மேலும் சேர்க்கக்கூடும். வீட்டு விளக்கொளியில் அதே படம் கண்ணை உறுத்தும்.

ஆகவே தேவையான கலவைகளை வெளிச்சம் இருக்கும்போதே ஆயத்தம் செய்துகொள்வது நல்லது. பலகைக்கு முன்னதாகவே இடைநிலைப் பழுப்பு பூசிவைத்தால் வெண்பரப்பை மூடுவதில் நேரம் வீணாகாது. வானம், அதன் எதிரொளியாகிய நீர், இருண்ட மரத்திரள் ஆகியவற்றுள் எது எவ்வளவு வெளிச்சமானது என்னும் வரிசையை முதலில் நிலைநிறுத்திவிட வேண்டும். நிறம் சற்றுப் பிழைத்தாலும் அந்த வரிசை சரியாக இருந்தால் அந்தி அந்தியாகவே தோன்றும். பூச்சு உலரக் காத்திராமல் ஈரத்தின் மேலேயே அடுத்த வண்ணத்தை இடுவதும், மேகம் மாறிய பிறகு அதைத் துரத்தாமல் நினைவில் பதிந்த முதல் தோற்றத்தையே பற்றிநிற்பதும் இம்முறையின் உயிர்நாடி.

பெரிய கித்தானில் இதை முயல்வதன் விலையை ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்டின் அனுபவம் காட்டுகிறது. இங்கிலாந்தின் பிராட்வே சிற்றூரில், தோட்டத்தில் சிறுமியர் இருவர் காகித விளக்கேற்றும் காட்சியை ஏறத்தாழ 174 சென்டிமீட்டர் உயரத்தில் தீட்டிய அவர், உரிய ஒளி மாலைதோறும் சில நிமிடங்களே நின்றதால் 1885, 1886 ஆகிய இரண்டு ஆண்டுகளின் இலையுதிர் காலங்களைச் செலவிட நேர்ந்தது. பூக்கள் வாடிப்போனபோது செயற்கைப் பூக்களை வைத்தே வேலை தொடர்ந்தது. அது மகத்தான ஓவியம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது பல மாலைகளின் தொகுப்பு, சிறு பலகையோ ஒரே மாலையின் சாட்சி.

அச்சாட்சியத்தின் மதிப்பை நன்குணர்ந்தவர் ஓவியர் ஜான் கான்ஸ்டபிள். 1821, 1822 ஆண்டுகளில் இலண்டனை அடுத்த ஹாம்ஸ்டெட் மேட்டில் வானத்தையே பொருளாக்கித் தீட்டிய அவர், பல படங்களின் பின்புறத்தில் நாளையும் மணியையும் காற்றின் திசையையும் குறித்துவைத்தார். வண்ணம் அடைத்த உலோகக் குழாய் 1841இல்தான் காப்புரிமை பெற்றது. அதற்கு முன்பு குழைத்த வண்ணம் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி எடுத்துச்செல்லப்பட்டது என்பதை நினைத்தால் அவருடைய உழைப்பின் அளவு விளங்கும். இந்த வான ஓவியங்களை அவர் கண்காட்சிக்கென்று தீட்டவில்லை. அவருடைய மகள் இசபெல் 1888இல் பெருந்தொகுப்பொன்றை இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கு வழங்கியதாலும், வலான்சியனின் ரோம் ஓவியங்கள் 1930இல் லூவர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்ததாலுமே, பட்டறைப் பயிற்சியாக மட்டும் கருதப்பட்டுவந்த இச்சிற்றோவியங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன.