மங்கிய விளக்கும் தெருக்கோடி வீடும்

கோடைக்காலத்தில் அந்தி மயங்கும்போது மின்சாரமும் கூடவே மயங்குவதை நேயர்கள் அறிவார்கள். மின்விசிறி சோம்பலாய்ச் சுழலும். குளிர்சாதனப் பெட்டி முனகும். பரீட்சைக்குப் படிக்கும் குழந்தை புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோகும். "வோல்டேஜ் இல்லை" என்று யாரையோ இரண்டு வார்த்தை வைதுவிட்டு நாமும் திருப்தி அடைந்துவிடுகிறோம்.

நம் வீட்டிற்கு வரவேண்டிய மின்அழுத்தம் 230 வோல்ட். தெருவிலுள்ள டிரான்ஸ்பார்மரிலிருந்து கம்பி நீள நீள அழுத்தம் குறைந்துகொண்டே வரும். எல்லா வீடுகளும் ஒரே வேளையில் மிகுதியாக இழுத்தால், தெருக்கோடி வீட்டிற்கு 180 வோல்ட் கிடைப்பதும் அரிதாகலாம்.

அதனால் செலவு மிச்சம் என்று எண்ணவேண்டாம். 180 வோல்ட்டில் வெந்நீர் ஹீட்டரின் சக்தி 100-க்கு 61 பங்காகிவிடும். நீர் சுட அத்தனைக்கத்தனை நேரமாகும். குளிர்சாதனப் பெட்டியின் மோட்டாரோ திணறி, அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும், கருகிப்போகவும் கூடும். அவ்வேளையில் அதை நிறுத்திவிட்டு, அழுத்தம் சீரான பின் ஐந்து நிமிஷம் பொறுத்துப் போடுவதே உத்தமம்.

ஸ்டெபிலைசர் வாங்கிவிட்டால் கவலை தீருமா? நம் பெட்டிக்கு அது காவல்தான். ஆனால் அது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. அழுத்தத்தை உயர்த்தித் தருவதற்காகக் கம்பியிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. நம் அறை குளிரக் குளிர, அடுத்த வீட்டு விளக்கு இன்னும் சற்று மங்குகிறது!

ஆகவே மெய்யான பரிகாரம் சிக்கனமே. மாலை 6 மணி முதல் 10 மணி வரை தண்ணீர் மோட்டார், கிரைண்டர், சலவை இயந்திரம், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றுக்கு ஓய்வு கொடுப்போம். பழைய 60 வாட் பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. விளக்கு தரும். பழைய மின்விசிறி 75 வாட் கேட்கும் இடத்தில், பி.எல்.டி.சி. விசிறிக்குச் சுமார் 30 வாட் போதும். ஏ.ஸி.யை 24 டிகிரியில் வைக்கலாம். 2020 முதல் நட்சத்திரக் குறியுள்ள ஏ.ஸி.கள் அந்த அளவில் இயங்கத் தொடங்கும்படியே அமைக்கப்படுகின்றன.

நம் வீட்டில் மட்டும் வெளிச்சம் மங்கினால், இணைப்பு எங்கேனும் தளர்ந்திருக்கலாம், எலெக்ட்ரீஷியனை அழையுங்கள். தெரு முழுவதும் மங்கினால், எல்லோரும் கையொப்பமிட்டு மின்வாரிய அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். புது டிரான்ஸ்பார்மர் வரச் சில மாதங்கள் ஆகலாம். நம் வீட்டு மோட்டாரை நிறுத்துவதற்கோ ஒரு விநாடி போதும். அந்த ஒரு விநாடியில், தெருக்கோடி வீட்டுக் குழந்தையின் புத்தகத்தில் சிறிது வெளிச்சம் கூடும்.