புனமும் களமும்: வேளாண்மை நாகரிகமான வழி பற்றிய ஒரு சொல்லாய்வு

1. முன்னுரை

வேளாண்மையே நாகரிகத்தைத் தோற்றுவித்தது என்னும் தொடர் வரலாற்றுப் பாடநூல்களில் பரவலாகக் காணப்படுகிறது. தமிழில் இதனை மொழிபெயர்ப்போரும் தயக்கமின்றி இவ்வாறே எழுதிவருகின்றனர். ஆயின் விதைத்தலுக்கும் நகரம் எழுதற்கும் இடைப்பட்ட காலம் மிக நீண்டது. மேற்கு ஆசியாவில் கோதுமையும் வாற்கோதுமையும் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்பே பயிரிடப்பட்டன. உரூக் நகரின் எழுத்துப் பலகைகளோ ஏறத்தாழ கி.மு. 3300க்குப் பிற்பட்டவை. அவ்விடைவெளியில் நிகழ்ந்தது யாது என்பதே வினா. இதற்குரிய விடையின் ஒரு பகுதியைப் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லைப் பகுதிகளில் வழங்கும் சொற்களைக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வேளாண்மைச் சொற்களின் தொன்மை

தமிழ் ‘உழு’ என்னும் வினையடி மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகியவற்றில் மட்டுமன்றிக் கோண்டி, குயி போன்ற நடுத் திராவிட மொழிகளிலும் இனச்சொற்களைக் கொண்டுள்ளது. தமிழ் ‘பயறு’, கன்னட ‘ஹெசரு’, தெலுங்கு ‘பெசலு’ ஆகியன ஒரே மூலத்தின் கிளைகள். தென்னிந்தியப் புதிய கற்காலக் குடியிருப்புகளில் (ஏறத்தாழ கி.மு. 3000–1200) கிடைத்த தானியங்களுள் கொள்ளும் பாசிப்பயறும் சிறுதானியங்களும் முதன்மையானவை. சொற்சான்றும் மண்சான்றும் இங்கு ஒத்துச்செல்கின்றன. எனினும் அக்காலத்தில் தென்னகத்தில் நகரம் எதுவும் எழவில்லை. பயிர்த்தொழில் அறிந்த மக்கள் நூற்றாண்டுகள் பலவாக அரசும் எழுத்துமின்றி வாழ்ந்தனர். எனவே பயிர்த்தொழில் நாகரிகத்திற்கு இன்றியமையாதது. ஆனால் அதற்குப் போதுமானது அன்று.

3. மலையில் வழங்கும் சொற்கள்

பாலக்காட்டு மாவட்டத்தின் அட்டப்பாடியில் இருளர், முதுகர், குறும்பர் ஆகியோர் வாழ்கின்றனர். கேழ்வரகு, சாமை, தினை, துவரை, அவரை ஆகியவற்றைக் காட்டைத் திருத்திக் கலந்து விதைப்பது இவர்தம் மரபு. இத்தகைய நிலம் ‘கொத்துக்காடு’ எனப்படும். தமிழில் இன்று பெரும்பாலும் செய்யுள் வழக்காகிவிட்ட ‘புனம்’ என்னும் சொல், மலையாளத்தில் மலைவேளாண்மையைக் குறிக்கும் வழக்குச் சொல்லாகவே உள்ளது.

அட்டப்பாடிக் குடியிருப்பு ‘ஊரு’ எனப்படும். அதன் தலைவர் மூப்பன். வேளாண் பணிகளை முன்னின்று தொடங்குபவர் மண்ணூக்காரன். பொதுச் சேமிப்பைக் காப்பவர் பண்டாரி. ‘மண்ணூக்காரன்’ மண் என்னும் திராவிடச் சொல்லடியாகவும், ‘பண்டாரி’ களஞ்சியத்தைக் குறிக்கும் வடசொல்லடியாகவும் அமைந்திருத்தல் நோக்கத்தக்கது. ஆனால் இதனைக் கொண்டு சேமிப்பு வழக்கமே வெளியிலிருந்து வந்தது எனத் துணிதல் பிழையாகும். குதிர் என்னும் சொல் நம்மிடம் இருப்பதே அதற்குத் தடை. பதவிப்பெயர் கடனாகலாம், பணி கடனாகவேண்டியதில்லை.

மற்றொரு எச்சரிக்கையும் இங்குத் தேவை. இம்மக்களைப் புதிய கற்காலத்தின் எச்சமாகக் கருதலாகாது. இவர்கள் விதைக்கும் கேழ்வரகே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்தில் தோன்றிப் பின்னர் இந்தியாவை அடைந்த பயிராகும். மலை வேளாண்மைக்கும் தனி வரலாறு உண்டு.

4. ஒரு சொல், இரு பொருள்

மலைக்கும் சமவெளிக்கும் இடையிலான வேறுபாட்டை ‘குடி’ என்னும் சொல் தெளிவாகக் காட்டுகிறது. இடுக்கி மாவட்டத்து மறையூர், மூணாறு மலைகளில் முதுவர் வாழும் குடியிருப்பின் பெயர் ‘குடி’. சமவெளித் தமிழிலும் அச்சொல் குடும்பத்தையும் குடியிருப்பையும் குறிக்கும். ஆயின் அங்கு அது மேலும் நகர்ந்து, அரசனுக்கு உட்பட்டவன், பிறர் நிலத்தை உழுபவன் என்னும் பொருள்களையும் பெற்றது. ‘மேல்வாரம்’ என்பதற்கு எதிரான ‘குடிவாரம்’ என்னும் சொல் இரண்டாம் நிலையிலேயே பிறக்க இயலும். விளைச்சலின் ஒரு பங்கு உழாதவனுக்குச் செல்லும்போதுதான் அதற்கு மேல், கீழ் என்னும் அடைமொழிகள் வேண்டப்படுகின்றன.

‘களம்’ என்பதும் இவ்வாறே. நெல் அடிக்கும் இடமாகிய களத்தை ஒட்டி எழுந்த கட்டடம் மலையாளத்தில் ‘களப்புர’ எனப்படும். பாலக்காட்டு நெல்வயற் பகுதியிலோ நிலவுடைமையாளரின் பண்ணை வீடே ‘களம்’ என வழங்கியது. தொழில் நிகழ்ந்த இடத்தின் பெயர், விளைச்சலை அளந்து பெற்றவரின் இருப்பிடத்திற்கு ஏறியது. 1970 சனவரி 1இல் கேரளத்தில் குத்தகைமுறை ஒழிந்தபின் ‘பாட்டம்’ என்னும் சொல்லின் பயன்பாடும் சுருங்கியது. சமூக உறவு மாறச் சொல்லும் மாறுகிறது.

பழனிக்கு அண்மையிலுள்ள பொருந்தல், மேற்குக் கடற்கரைக்குச் செல்லும் பழைய வழியில் அமைந்தது. அங்கு 2009, 2010ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வில், ஓர் ஈமச்சின்னத்தில் நான்கு கால் சாடியொன்றினுள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் கிடைத்தது. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த தாங்கியும் அதே சின்னத்தில் கிடைத்தது. நெல்லின் காலம் ஏறத்தாழ கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. எழுத்தின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. உரூக் பலகைகளுட் பெரும்பாலானவை கணக்குகள். அங்கு எழுத்து தானியத்தை எண்ணியது. பொருந்தலில் அது நெல்லுக்கு அருகில் ஒரு பெயரைத் தாங்கி நின்றது. பயன் வேறாயினும், சேமித்த நெல்லைத் தமக்கெனக் குறிக்கத்தக்க நிலையினர் அங்கு இருந்தனர் என்பதை இது உணர்த்துகிறது. நொய்யற்கரைக் கொடுமணலும் பாலக்காட்டுக் கணவாய் வழி முசிறியுடன் தொடர்புற்றே தொழிற்களமாக வளர்ந்தது.

5. மொழிபெயர்ப்பாளர்க்கு

நாகரிகம் என்னும் சொல் நகரம் என்பதன் அடியாகப் பிறந்தது. திருக்குறளின் ‘கண்ணோட்டம்’ அதிகாரத்தில் அது உயர்ந்த பண்பினைக் குறிக்கிறது. இவ்விரு பொருளையும் ஒரே சொல் சுமப்பதால், நகரமற்றவர் பண்பற்றவர் என்னும் கருத்து மொழிபெயர்ப்பினுள் அறியாமல் நுழைந்துவிடுகிறது. அட்டப்பாடிச் சிறுவன் தன் பாடநூலில் வேளாண்மை நாகரிகத்தைத் தந்தது எனப் படிக்கிறான். தன் முன்னோர் உழவராயிருந்தும் அத்தொடருக்கு வெளியே நிற்கக் காண்கிறான்.

ஆகவே வரலாற்றுக் கலைச்சொல்லாக வருமிடத்து ‘நகரச் சமூகம்’, ‘அரசுடைச் சமூகம்’ என்பனவற்றுள் பொருந்துவதைத் தேர்ந்துகொள்ளலாம். விதை நாகரிகத்தைத் தந்தது என்பதைவிட, விளைந்ததைச் சேமித்து, அளந்து, பங்கிட்ட முறையே நகரத்தையும் அரசையும் தோற்றுவித்தது என எழுதுதல் உண்மைக்கு அணுக்கமானது. புனத்தில் விதைத்தவரும் உழவரே. களத்தில் அளவுகோலைக் கையிற் கொண்டவர் யார் என்பதிலேயே வேறுபாடு அமைகிறது.