இருதய கிளைக்கோசைடுகளும் வரியற்ற தசையும்

உடலில் நீர் கோத்து வீங்கும் நோயை டிஜிடாலிஸ் செடியின் இலை தணிக்கும் என்பதை ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங் 1785-ஆம் ஆண்டில் நூலாக எழுதி வெளியிட்டார். அவ்விலையில் அடங்கிய மருந்துப் பொருள்கள் இருதய கிளைக்கோசைடுகள் எனப்படும். நம் நாட்டுத் தோட்டங்களில் வளரும் அரளியிலும் மஞ்சள் அரளியிலும் இவ்வினப் பொருள்கள் உள்ளன. இவை இருதயத்தை மட்டுமன்றி, இரத்தக் குழாய்களின் சுவரிலுள்ள வரியற்ற தசையையும் பாதிக்கின்றன.

இதன் காரணத்தை அறிய, உயிரணுவின் உப்பு நிலையை முதலில் நோக்குதல் வேண்டும். உயிரணுவின் உள்ளே பொட்டாசியம் அயனிகளும், வெளியே சோடியம் அயனிகளும் மிகுந்துள்ளன. இவ்வேற்றுமையை நிலைநிறுத்துவது உயிரணுச் சவ்வில் அமைந்த ஒரு நொதியாகும். அது ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு, 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி, 2 பொட்டாசியம் அயனிகளை உட்கொணர்கிறது. டென்மார்க் விஞ்ஞானி ஜென்ஸ் ஸ்கௌ, நண்டின் நரம்புகளை ஆராய்ந்து, 1957-ல் இந்நொதியைப் பற்றி அறிவித்தார். 1997-ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசில் அவர் பங்கு பெற்றார்.

கிளைக்கோசைடு இந்நொதியைப் பற்றிக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கிறது. சோடியம் உள்ளே தேங்குகிறது. சவ்விலுள்ள வேறொரு புரதம், 3 சோடியம் அயனிகளை உள்ளே விட்டு, 1 கால்சியம் அயனியை வெளியேற்றுவது வழக்கம். உள்ளே சோடியம் பெருகியபின் இம்மாற்று தளர்வதால் கால்சியம் வெளியேற இயலாது தங்கிவிடுகிறது. சவ்வின் மின்னழுத்தமும் குறைவதால், கால்சியம் நுழையும் வாயில்களும் திறக்கின்றன. இங்ஙனம் மிகுந்த கால்சியம், கால்மோடுலின் என்னும் புரதத்துடன் சேர்ந்து, மயோசினில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதியைத் தூண்டுகிறது. தசை சுருங்குகிறது, இரத்தக் குழாய் குறுகுகிறது. டிஜாக்சின் மருந்தைச் சிரை வழியே விரைந்து செலுத்தலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இம்மருந்தில் நலம் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி சிறிது. இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தால் மருந்து நொதியை மேலும் இறுகப் பற்றும். ஆகவே, சிறுநீரைப் பெருக்கும் மருந்தையும் உடன் உண்போருக்குப் பொட்டாசியத்தை அளந்தறிதல் இன்றியமையாதது. மஞ்சள் அரளி விதையை உண்டவர்களிடத்திலோ, நொதி முடங்குவதால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறக்கூடும். இது ஆபத்தின் அறிகுறியாகும். கிளைக்கோசைடைப் பிணைத்து அகற்றும் எதிர்ப்பொருள் மருந்து உண்டு. எனினும், இருதயத் துடிப்பு எந்நேரமும் தடுமாறக்கூடுமாதலால், விதையை உண்டவரை, நலமாகத் தோன்றினும், உடனே மருத்துவமனையில் சேர்த்தல் வேண்டும்.