குறைந்த செலவில் பசுமைக் குசினி: முதலை எங்கே போடுவது?

ஒரு பொருளை வாங்கும் விலை வேறு, அதை வைத்துப் பாவிக்கும் செலவு வேறு. கடையில் இந்தக் கணக்கைச் சரியாகப் பார்க்கும் நாம், வீட்டுக் குசினியைத் திருத்தும்போது மறந்துவிடுகிறோம். கையிலுள்ள பணம் முழுவதும் பென்ட்ரி அலுமாரிக்கே போய்விடுகிறது. சுற்றாடலுக்கு உகந்த குசினி என்றாலே பெருஞ்செலவு என்று ஒதுங்குவோரும் உண்டு.

கொழும்பில் 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர், 2022 ஏப்ரல் இறுதியில் 4,860 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்காமல் மக்கள் வரிசையில் நின்றனர். குசினியில் மாதாமாதம் பணம் கரைவது அடுப்பில்தான். ஆகவே முதல் செலவும் அங்கேதான் இருக்க வேண்டும்.

முதலாவது, பிரஷர் குக்கர். அதனுள் நீரின் வெப்பம் 120 பாகை வரை உயர்வதால் இறைச்சியும் பருப்பும் விரைவில் வேகும். மற்றச் சட்டிகளுக்குப் பொருத்தமான மூடி இருக்கட்டும். சிலிண்டர் பூட்டிய திகதியைச் சுவரில் குறித்து வைத்தால் எத்தனை நாள் மிச்சம் என்பது தெரிந்துவிடும்.

கொட்டாஞ்சேனையில் பின்முற்றம் உள்ள வீட்டுக்காரர் ‘அனகி’ அடுப்பையும் வைத்துக்கொள்ளலாம். 1980களில் நம் நாட்டில் உருவான இந்தக் களிமண் அடுப்பில் ஒரே நெருப்பில் இரண்டு சட்டிகள் கொதிக்கும். வெள்ளவத்தை தொடர்மாடிகளில் விறகோ கரியோ எரிக்கக் கூடாது. புகையும் நச்சுவாயுவும் உள்ளேயே தங்கும். அங்கே இன்டக்‌ஷன் அடுப்பு பொருந்தும். ஆனால் சாதாரண அலுமினியச் சட்டி அதில் சூடாகாது. அடியில் காந்தம் ஒட்டும் சட்டிதான் வேண்டும். வீட்டுச் சட்டிகளைக் காந்தம் வைத்துப் பார்த்த பிறகே அடுப்பை வாங்குங்கள்.

இரண்டாவது, அலுமாரி. மரத்தூள் அழுத்திய பலகை விலை குறைவு. ஆனால் நீர் பட்டால் ஊதிவிடும். பழைய வீடுகளை உடைக்கும்போது வரும் பலா, தேக்குக் கதவுகளை வாங்கிச் சீவிப் பொருத்தலாம். பதப்படுத்திய றப்பர் பலகையும் நல்லது. பால் வற்றிய மரத்தை வெட்டி எடுப்பதால் அதற்காகக் காடு அழிவதில்லை. பதப்படுத்தாததைப் பூச்சி அரிக்கும், கேட்டு வாங்குங்கள். சிங்க்கின் கீழே அலுமாரியே வேண்டாம். திறந்து விட்டால் செலவும் மிச்சம், ஈரமும் காயும்.

மூன்றாவது, மூடியுள்ள இரண்டு வாளிகள். ஒன்று உணவுக் கழிவுக்கு, மற்றது பிளாஸ்டிக், கடதாசிக்கு. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீத்தொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கொழும்புக் குசினிகளின் கழிவும் சேர்ந்து வளர்ந்த மேடு அது.

ஹார்ட்வெயார், பாத்திர வியாபாரம் செய்வோருக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளரிடம் விலையோடு பாவனைச் செலவையும் எடுத்துச் சொல்லுங்கள். கையில் பணம் குறைந்தவருக்குத்தான் அந்தக் கணக்கு அதிகம் தேவை.