அரைமணி நேரப் பாடம்

எங்கள் வீடு காரைக்காலில். நான் பணிபுரியும் நடுநிலைப் பள்ளி வாஞ்சூர் எல்லையைத் தாண்டி நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி, உள்ளே இரண்டு பலூன்களைத் தொங்கவிட்டு, கீழே ஒரு ரப்பர் தாளை இழுத்துக் கட்டிச் செய்யும் நுரையீரல் மாதிரியை ஒவ்வோர் ஆண்டும் செய்து காட்டுவேன். நீங்களும் செய்திருப்பீர்கள். ரப்பரைக் கீழே இழுத்தால் பலூன் விரியும், விட்டால் சுருங்கும். "இதுதான் உதரவிதானம், இது ஒரு தசை" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன். அந்த 'தசை' என்ற சொல்லை நானே கவனிக்காமல் கடந்திருக்கிறேன் என்பது, அத்தானுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோதுதான் புரிந்தது.

அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், விசைப்படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர். வயது 61. இரைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது நான்கு மாதங்களில் 9 கிலோ குறைந்திருந்தார். ஆனால் தொப்பை அப்படியே இருந்ததால் பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். எங்களுக்கும் அதில் ஒரு நிம்மதி.

எங்கள் ஊரில் மெலிவு என்றால் உடனே நினைவுக்கு வருவது காரைக்கால் அம்மையாரின் திருவுருவம். விலா எலும்புகள் தெரிய, ஒட்டிய கன்னத்தோடு இருப்பார். அப்படி இருந்தால்தான் மெலிவு என்று நம் கண் பழகியிருக்கிறது. தசை இழப்பு எப்போதும் அப்படி வெளியே தெரிவதில்லை. கொழுப்பு இருந்த இடத்தில் இருக்க, அதன் அடியில் தசை மட்டும் கரைந்துகொண்டே போகலாம். வயிற்றுக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேனில் மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் தசையின் பரப்பை அளந்து இதைக் கண்டுபிடிக்கிறார்கள். வீட்டிலேயே தெரிந்த அடையாளங்களும் இருந்தன. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழும்போது அத்தான் கையை ஊன்றத் தொடங்கியிருந்தார். மாடிப்படியில் பாதியில் நின்றார். வயதாகிறது என்று விட்டுவிட்டோம்.

இதற்கு சார்கோபீனியா என்று பெயர். 1989இல் இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க மருத்துவர், சதைக் குறைவு என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து வைத்த பெயர். முதுமையில் வரும் தசை இழப்பைக் குறிக்கத்தான் முதலில் சொன்னார். புற்றுநோயில் அது வேகமாக நடக்கிறது. நோயாளியால் சரியாகச் சாப்பிட முடிவதில்லை. நோய் கிளப்பும் அழற்சி தசைப் புரதத்தைச் சிதைக்கிறது. களைப்பினால் நடமாட்டம் குறைகிறது. இந்த மூன்றில் முதலிரண்டும் எங்கள் கையில் முழுதாக இல்லை. மூன்றாவதை நாங்களே கூட்டினோம்.

அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைக்க ஐந்து வாரம் ஆனது. "ஆபரேஷனுக்கு முன்னாடி உடம்பை வருத்திக்கக் கூடாது" என்று அக்கா அவரை வாசலுக்குக்கூட விடவில்லை. நானும் ஆமாம் போட்டேன். கஞ்சிதான் சாப்பாடு. மீன் கூடாது, புண் சீழ் பிடிக்கும் என்று ஒரு பெரியம்மா சொல்ல, கடலோர ஊரில் இருந்துகொண்டு மீனை நிறுத்தினோம்.

2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நலமாக இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். வேளாவேளைக்கு உணவு கொடுத்தும், கால்களில் மட்டும் சராசரியாக ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்தது. அவர்கள் நோயாளிகள் அல்லர். எங்கள் ஐந்து வாரத்தை நினைத்துப் பாருங்கள்.

வெளியூர் மருத்துவமனை ஒன்றில் அறுவை நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் நாள் பிசியோதெரபிஸ்ட் வந்து, எழுந்து உட்காருங்கள், மூச்சை ஆழமாக இழுங்கள், இருமுங்கள் என்றார். அத்தானுக்கு வலியில் கண்ணீர் வந்துவிட்டது. "இன்னிக்கு விட்டுடுங்க சார், நாளைக்குப் பண்ணிக்கலாம்" என்றது நான்தான். நான்காம் நாள் காய்ச்சல், மூச்சுத்திணறல். வலது நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா. பதினோரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு.

வயிற்றில் செய்த அறுவை நுரையீரலை எப்படிப் பாதிக்கும்? பாட்டில் மாதிரிக்கு வருவோம். மயக்க மருந்து கொடுத்த சில நிமிடங்களிலேயே நுரையீரலின் அடிப்பகுதியில் உள்ள காற்று நுண்ணறைகளில் ஒரு பகுதி மடங்கத் தொடங்குகிறது. மேல்வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைக்குப் பின் உதரவிதானம் சில நாள்களுக்குச் சரியாக இயங்காது. வலிக்குப் பயந்து நோயாளி மேலோட்டமாகவே மூச்சுவிடுவார். படுத்தே இருந்தால் வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தை மேலே தள்ளும். மடங்கிய நுண்ணறைகள் விரியாமல் கிடக்க, அங்கே சளி தேங்கி, கிருமிகள் பெருகுகின்றன.

சளியை வெளியேற்ற நமக்கு இருக்கும் வழி இருமல். நம் பாட்டில் மாதிரியில் இது மட்டும் இல்லை. இருமுவதற்கு முதலில் மூச்சை நிறைய இழுக்க வேண்டும். அது உதரவிதானத்தின் வேலை, விலா இடைத் தசைகளின் வேலை. பிறகு குரல்வளை மூடிக்கொள்ள, வயிற்றுத் தசைகள் இறுகி அழுத்தம் ஏற்ற வேண்டும். சட்டென்று திறந்தால் காற்று சளியோடு பீறிடும். தொடக்கம் முதல் முடிவு வரை தசை. காலில் கரையும்போது மூச்சுத் தசைகள் மட்டும் தப்பிவிடுவதில்லை. ஏற்கெனவே இளைத்த தசையோடு போனவரால், கீறிய வயிற்றை வைத்துக்கொண்டு எப்படி இருமுவது?

இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. அப்படிப் படித்ததில் ஓர் ஆய்வை நம் போன்றவர்கள் எல்லாரும் அறிய வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேல்வயிற்றில் பெரிய அறுவை செய்துகொள்ளவிருந்த 441 பேரிடம் நடத்தி, 2018இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு மூச்சுப்பயிற்சி பற்றிய கையேடு மட்டும். இன்னொரு பிரிவினருக்கு அதே கையேட்டோடு, அறுவைக்குச் சில நாள்களோ வாரங்களோ முன்பு, பிசியோதெரபிஸ்ட் ஒருவர் அரைமணி நேரம் எதிரே உட்கார்ந்து பாடம் நடத்தினார். நுரையீரலுக்கு என்ன ஆகும், கண் விழித்ததும் ஏன் மூச்சை ஆழமாக இழுத்து இரும வேண்டும் என்று சொல்லி, செய்யவும் வைத்தார். கையேடு மட்டும் வாங்கியவர்களில் 27 சதவீதம் பேருக்கு நுரையீரல் சிக்கல் வந்தது. பாடம் கேட்டவர்களில் 12 சதவீதம் பேருக்கு.

மருந்தோ கருவியோ இல்லை. ஒரே ஒரு வகுப்பு. புத்தகத்தைக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் படித்துக்கொள்வார்கள் என்று யாராவது சொன்னால், இனி இந்த எண்களைத்தான் காட்டப்போகிறேன்! அத்தானுக்கும் சொன்னார்கள்; ஆனால் வலியும் மயக்கமும் கலந்த இரண்டாம் நாளில். அப்போது எந்த மாணவன் பாடம் கேட்பான்?

எங்கள் பள்ளிச் சத்துணவு அமைப்பாளருக்கு இந்த ஆண்டு குடலில் அறுவை என்று முடிவானதும், முன்கூட்டியே பிசியோதெரபிஸ்டைப் பார்க்க அனுமதி கேட்கும்படி சொன்னேன். ஒரு நாற்காலியில் அவரை உட்காரவைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னேன். ஆசிய நாடுகளின் சார்கோபீனியா வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவின்படி, 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை குறைந்திருக்கக்கூடும் என்று ஐயப்பட வேண்டும். அவருக்கு 15 ஆனது. மருத்துவர் ஒப்புதலோடு தினமும் நடந்தார்.

சாப்பாட்டுக் கணக்கை அவரே போட்டார், தொழில் அது. புற்றுநோயாளிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை தினமும் புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 60 கிலோ எடைக்கு 60 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6, நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 20. ஒரு டம்ளர் கஞ்சியில் இரண்டு, மூன்று தேறினால் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு, மருத்துவரிடம் கேட்க வேண்டும். அமைப்பாளர் மத்தி மீனும் முட்டையும் பயறுமாகச் சாப்பிட்டார். சிக்கலில்லாமல் வீடு திரும்பினார். இவற்றால்தான் என்று ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது என்பது அறிவியல் ஆசிரியையான எனக்குத் தெரியும்.

அத்தான் வீட்டில் இருக்கிறார். துறைமுகம் வரை நடக்கிறார். எஞ்சின் வேலையைப் பையன்கள் பார்க்க, இவர் பக்கத்தில் நின்று குறை சொல்கிறார்.

இந்த ஆண்டும் பாட்டில் மாதிரியைச் செய்தோம். இருமல் எப்படி வருகிறது என்று சொல்லி, தையல் போட்ட வயிற்றின் மேல் தலையணையை வைத்து அழுத்திக்கொண்டு இருமினால் வலி குறையும் என்றேன். "தலையணை இல்லியே டீச்சர்" என்றாள் முதல் வரிசைப் பெண் ஒருத்தி. புத்தகப் பையை வைத்துக்கொள்ளச் சொன்னேன். முப்பத்திரண்டு பிள்ளைகள் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் இருமினார்கள். பக்கத்து அறையிலிருந்து தலைமையாசிரியர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.