மழைக்காலக் குடோனும் எலிக்காய்ச்சலும்

எலி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஓட்டை விழுந்த சாக்கும் சிந்திய அரிசியும்தான். அதைச் சேதாரக் கணக்கில் எழுதிவிட்டு மறந்துவிடுவோம். கணக்கில் ஏறாத இன்னொரு சேதாரம் உண்டு என்பதை நாம் 2015 டிசம்பர் மழையில்தான் கற்றுக்கொண்டோம்.

அப்போது திருப்போரூரில் நம் குடோனுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அடி அட்டியில் இருந்த மூட்டைகளைக் காப்பாற்ற நம் ஆட்கள் மூன்று நாள் வெறுங்காலோடு அதில் நின்றார்கள். பத்து நாள் கழித்து அவர்களில் ஒருவருக்குக் கடும் காய்ச்சல். கெண்டைக்காலைத் தொட்டாலே அலறினார். மூட்டை தூக்கிய வலி என்றோம். கண் சிவந்திருந்தது, பீளை இல்லை. மெட்ராஸ் ஐ என்றோம். மெடிக்கல் ஷாப் மாத்திரை வாங்கிக் கொடுத்ததும் நாமே, ஐந்தாம் நாள் கண் மஞ்சளானபோது கீழாநெல்லி அரைத்துக் குடிக்கச் சொன்னதும் நாமே. சிறுநீர் குறைந்த பிறகுதான் வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இவர் என்ன வேலை செய்கிறார்?" என்பதுதான்.

லெப்டோஸ்பைரா என்ற இந்தக் கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கிறது. எலிக்கு ஒன்றும் செய்வதில்லை. அதன் மூத்திரம் கலந்த தண்ணீரில் நிற்பவருக்குக் காலில் உள்ள வெடிப்பு, சிராய்ப்பு வழியாகவும், கண், வாய் வழியாகவும் உள்ளே போகிறது. பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாளில் காய்ச்சல் வரும். ஈரம் காய்ந்தால் கிருமி செத்துவிடும். ஆகவே வெயில் காலத்தில் நமக்கு இந்தப் பயம் குறைவு.

இது புது நோயல்ல. ஜெர்மனியில் டாக்டர் வைல் 1886லேயே இதை விவரித்து எழுதினார். அந்தமானில் 1988 முதல் மழைக்குப் பின் வந்த மர்மக் காய்ச்சல் இதுதான் என்று பிற்பாடு தெரிந்தது. 1990-91ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் முத்துசேதுபதி குழுவினர் கண்ட நோயாளிகளில் மஞ்சள் காமாலையும் சிறுநீரகப் பழுதுமாக வந்தவர்கள் ஏராளம். மும்பையில் 2005 வெள்ளத்துக்குப் பிறகும், கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகும் இது பரவியது.

பயப்பட வேண்டியதில்லை, பலருக்குச் சாதாரணக் காய்ச்சலாகவே வந்து போகும். ஆனால் முற்றிவிட்டால் நூற்றுக்கு ஐந்து முதல் பதினைந்து பேர் வரை இறக்கிறார்கள். நுரையீரலில் ரத்தம் கசிந்து இருமலில் ரத்தம் வந்தால் பிழைப்பது பாதிக்குப் பாதிதான். சிறுநீரகம் மட்டும் பழுதானவர்கள் டயாலிசிஸ் செய்து தேறினால் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடுகிறார்கள். ஆரம்பத்தில் டாக்சிசைக்ளின், பென்சிலின் போன்ற விலை குறைந்த மருந்துகளே போதும். முதல் வாரத்தில் ரத்தப் பரிசோதனை சில சமயம் ஏமாற்றிவிடும். அதனால் குடோன் வேலை, தேங்கிய தண்ணீர் என்று டாக்டரிடம் நாமே சொல்லிவிட வேண்டும்.

நம் ஆளுக்கு நான்கு முறை டயாலிசிஸ் நடந்தது. இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். இப்போது மழை வந்தால் குடோனில் எல்லோருக்கும் ரப்பர் பூட்ஸ், கையுறை. தண்ணீர் வடிந்ததும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுகிறோம். பூட்ஸ் போட்டால் அட்டியில் ஏற வழுக்குகிறது என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. அவர்களிடம் நாம் பேசுவதில்லை. அவரையே பேச விட்டுவிடுகிறோம்.