மாலை ஐந்து மணிக்கு மேல் ஒரு வகுப்பு

திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன் மல்லிகை பறிக்கப் போகும் தாய், வேடசந்தூர் நூற்பாலையில் ஷிஃப்ட் முடிந்து களைத்துத் திரும்பும் தகப்பன். இவர்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சாயங்காலம் பாடம் சொல்லித்தர யார் இருக்கிறார்கள்? கையில் காசுள்ள குடும்பம் டியூஷனுக்கு அனுப்பிவிடும். மற்றப் பிள்ளைகளுக்குத் தெருதான்.

கொரோனா காலத்தில் இன்னும் பெரிதான அந்த இடைவெளியை நிரப்பத்தான் தமிழ்நாடு அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் வந்தது. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதற்கட்டமாகத் தேர்வான 12 மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று.

தொடங்கியபோது ஏற்பாடு எளிமையாக இருந்தது. பள்ளி விட்ட பிறகு மாலை 5 முதல் 7 மணிக்குள் ஒன்று, ஒன்றரை மணி நேரம். ஒரு தன்னார்வலருக்குச் சுமார் 20 பிள்ளைகள். தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் நடத்த பிளஸ் டூ முடித்திருந்தால் போதுமானதாக இருந்தது, ஆறு முதல் எட்டு வரை என்றால் பட்டப்படிப்பு தேவைப்பட்டது. வீட்டு வாசல், சமுதாயக்கூடம், கோயில் திண்ணை என எங்கு வேண்டுமானாலும் வகுப்பு நடக்க முடிந்தது. பாட்டு, கதை, விளையாட்டு வழியாகப் பாடம். தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதே ஊர்க்காரர்கள். வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளை, பக்கத்துத் தெரு அக்காவிடம் தெரியாததைத் தயங்காமல் கேட்கும். இத்திட்டத்தின் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது.

பலன் கிடைத்ததா? கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில் கற்றல் இழப்பு பெரிதாக இருந்தது. மொழிப்பாடத்தைவிடக் கணக்கில் அதிகம். ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதங்களில் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழக் கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்பது அவர்கள் கணக்கு. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே அதிகம் வந்தார்கள் என்பதையும் ஆய்வு காட்டியது.

பள்ளி திறந்திராவிட்டால் இந்த மீட்சி இல்லை. மாலை வகுப்பு பள்ளிக்குத் துணை, மாற்று அல்ல. அந்தத் துணையைத் தாங்கிய பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய்தான் ஊக்கத்தொகையாகக் கிடைத்தது. கொரோனா முடிந்தாலும் நூற்பாலை ஷிஃப்ட்டும் பூப்பறிப்பும் முடியவில்லை. இவ்வகுப்புகளை நிரந்தர ஏற்பாடாக்கி, நடத்துபவர்களுக்கு மதிப்பான ஊதியமும் பயிற்சியும் தர அரசு முன்வர வேண்டும்.